இல்லத்துக் காமிராவும் இல்லாமற்போகும் முகங்களும்

ஒரு வீட்டில் பெரியவர் ஒருவர் கண்ணை மூடிய சில மணி நேரத்துக்குள் ஒரு தேடல் தொடங்கிவிடுகிறது. மகன் கண்ணீரைத் துடைத்துக்கொண்டே தன் கைப்பேசியைத் துழாவுகிறான். மகள் பழைய ஆல்பத்தைப் புரட்டுகிறாள். பேரன் ஆதார் அட்டையைக் கொண்டுவருகிறான். சுவரொட்டிக்கும், பெட்டியின் தலைமாட்டுக்கும், முப்பதாம் நாள் நினைவு அட்டைக்கும் நல்லதொரு முகப்படம் வேண்டும். இறுதியில், என்றோ நடந்த திருமணக் குழுப்படம் ஒன்றிலிருந்து, பக்கத்தில் நின்றவரின் தோளோடு சேர்த்துச் சிறு முகமொன்றை வெட்டியெடுத்துப் பெரிதாக்குகிறார்கள். படம் கலங்கி நிற்கிறது. "அப்பா இப்படியா இருந்தார்?" என்று பிள்ளைகளே வினவும் நிலை.

இறப்பு வீடுகளுக்குச் செல்லும் எந்தப் பங்குத் தந்தைக்கும் இது பழகிப்போன காட்சிதான். இதில் வியப்புக்குரியது ஒன்றுண்டு. அந்த மகனின் கைப்பேசியில் ஆயிரக்கணக்கான படங்கள் இருக்கின்றன. உணவுத் தட்டு இருக்கிறது. அண்டை வீட்டுப் பூனை இருக்கிறது. யாரோ அனுப்பிய காலை வணக்கங்கள் இருக்கின்றன. பெற்ற தந்தையின் தெளிவான முகம் மட்டும் இல்லை. ஒரு சுருளில் 36 படங்களே எடுக்க இயன்ற காலத்தில், ஆண்டுக்கு ஒருமுறையேனும் நல்லுடை உடுத்தி ஸ்டூடியோவுக்குச் சென்று வந்த குடும்பங்கள் உண்டு. இன்றோ, எண்ணிக்கை பெருகியிருக்கிறது, கருத்து குறைந்துவிட்டது. ஆதலால் நிழற்படத்தை நன்றாக எடுப்பதும், எடுத்ததைப் பேணுவதும் எவ்வாறு என்பதை இத்திங்கள் சற்று விரிவாகவே சிந்திப்போம்.

தந்தை ஒருவரின் ஆசையில் பிறந்த கலை

டிஜிட்டல் படத்தின் வரலாறு ஒரு குடும்பப் படத்தில்தான் தொடங்குகிறது. 1957ஆம் ஆண்டு அமெரிக்க அரசின் ஆய்வு நிறுவனமொன்றில் பணியாற்றிய ரஸ்ஸல் கிர்ஷ் என்பார், கணிப்பொறிக்குள் படத்தைச் செலுத்தும் கருவியொன்றை அமைத்தார். அதில் அவர் முதன்முதலாகச் செலுத்தியது மூன்று மாதக் குழந்தையான தம் மகனின் படத்தை. அகலத்தில் 176 புள்ளிகள், உயரத்தில் 176 புள்ளிகள், அவ்வளவே. பின்னர் 1975இல் கோடக் நிறுவனத்தின் பொறியாளர் ஸ்டீவன் சாஸன் கையிலெடுத்துச் செல்லக்கூடிய டிஜிட்டல் காமிராவை உருவாக்கினார். அது அகலத்தில் 100, உயரத்தில் 100 எனப் பத்தாயிரம் புள்ளிகளை மட்டுமே பதிவு செய்தது. ஒரே படத்தை நாடாவில் பதிக்க 23 நொடிகள் பிடித்தன. இன்று சட்டைப் பையில் கிடக்கும் எளிய கைப்பேசியோ ஒரு கோடிக்கு மேற்பட்ட புள்ளிகளைக் கண்ணிமைக்கும் நேரத்தில் பதிவு செய்கிறது.

இந்தப் புள்ளிகளுக்குப் பிக்சல் என்று பெயர். இதன் கணக்கை அறிந்துகொண்டால் இறப்பு வீட்டுப் படம் ஏன் கலங்குகிறது என்பது விளங்கிவிடும். காகிதத்தில் கூர்மையாக அச்சிட, அங்குலத்துக்கு 300 பிக்சல் இருத்தல் நலம். அகலவாட்டில் 4,000 பிக்சல் கொண்ட குழுப்படத்தில் பத்துப் பேர் வரிசையாக நின்றால், ஒரு முகத்துக்கு 200 பிக்சல் கிடைப்பதே அரிது. அம்முகத்தை வெட்டிப் பத்தங்குல அகலத்துக்குப் பெரிதாக்கினால், அங்குலத்துக்கு இருபதே பிக்சல்! எந்த ஸ்டூடியோக்காரராலும் இல்லாததை உண்டாக்க முடியாது. எனவே, வீட்டிலுள்ள ஒவ்வொருவரையும் தனித்தனியே, முகம் நிறையும்படி ஆண்டுக்கு ஒரு படமேனும் எடுத்து வைப்பது நம் குடும்பங்களுக்கு முதல் விதியாக இருக்கட்டும்.

ஒளியைக் காணப் பழகுதல்

நல்ல படத்துக்கு விலையுயர்ந்த காமிரா வேண்டும் என்பது தவறான எண்ணம். வேண்டுவது நல்ல ஒளி. அதற்கும் முன்னர் வேண்டுவது தூய்மையான லென்ஸ். சட்டைப் பையிலும் கைப்பையிலும் கிடந்து, எண்ணெய்க் கை பட்டு, மங்கிப்போன கண்ணாடி வழியே எடுத்தால் விளக்கொளி யாவும் பரவிப் புகை படிந்ததுபோல் தோன்றும். படமெடுக்குமுன் மெல்லிய பருத்தித் துணியால் ஒருமுறை துடைத்துவிடுங்கள்.

உச்சி வெயில் முகத்துக்குப் பகை. தலைக்கு நேர்மேலே கதிரவன் நிற்கையில் கண்குழிகள் இருண்டு, மூக்கின் நிழல் உதட்டில் விழும். காலையிலும் மாலையிலும் சாய்ந்து வரும் ஒளியே இனிது. நண்பகலில்தான் எடுக்க நேருமெனில், நம் பழைய வீடுகளின் திண்ணையைப் போன்ற ஸ்டூடியோ வேறில்லை. மேலே கூரை நிழல் தருகிறது. முற்றத்திலும் தெருவிலும் பட்டுத் திரும்பும் வெளிச்சம் முகத்தில் மென்மையாகப் படிகிறது. பாட்டியைத் தெரு நோக்கி அமரச் செய்தால் போதும். திண்ணையில்லா வீடுகளில் சன்னலோரம் அப்பணியைச் செய்யும். சன்னலுக்கு முதுகு காட்டி நிறுத்தாமல், ஒளி ஒரு கன்னத்தில் நன்றாகவும் மறு கன்னத்தில் சற்றுக் குறைவாகவும் விழும்படி சாய்வாக அமர்த்துங்கள். அப்போது அறையின் மின்விளக்கை அணைத்துவிடுவது நல்லது. இருவேறு நிற ஒளிகள் கலந்தால் முகத்தின் நிறம் கெடும்.

ஃபிளாஷ் விளக்கை நம்பியிருப்போர் ஓர் உண்மையை மனத்திற்கொள்ள வேண்டும். தொலைவு இரு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒன்றாகக் குறையும். மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒன்றாகும். கைப்பேசியின் சிறு விளக்கு சில அடித் தொலைவுக்கே பயன்படும். கோவிலின் கடைசி வரிசையிலிருந்து பீடத்தை நோக்கி ஃபிளாஷ் அடிப்பவர், தமக்கு முன்னே இருப்பவரின் பிடரியைத்தான் ஒளிரச் செய்கிறார். அத்துடன் செபத்திலிருப்போரின் கவனத்தையும் கலைக்கிறார்.

வெள்ளை உடையும் கருத்த முகமும்

காமிராவுக்கு அறிவில்லை, அளவுதான் உண்டு. தன் முன்னேயுள்ள காட்சி முழுவதையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகக் கருதிக்கொண்டு அது ஒளியைக் கணக்கிடுகிறது. புதுநன்மை நாளில் வெண்ணிற உடையுடுத்திய பிள்ளைகளை வரிசையாக நிறுத்தினால், "வெளிச்சம் மிகுதி" என்று அது ஏமாந்து, படத்தை இருட்டாக்கிவிடுகிறது. உடை சாம்பல் பூத்து, பிள்ளையின் முகம் கரிந்துபோகிறது. பலர் இக்குற்றத்தைப் பிள்ளையின் நிறத்தின்மேல் சுமத்துகிறார்கள்! குறை நிறத்தில் இல்லை, கணக்கில் இருக்கிறது. பெரும்பாலான கைப்பேசிகளில், திரையில் தெரியும் முகத்தின்மேல் விரலால் தொட்டால், அம்முகத்தைக் கொண்டு ஒளியைக் கணக்கிடும். அதன் பின்னும் போதாதெனில், திரையில் தோன்றும் சிறு கதிரவன் குறியை மேலே நகர்த்துங்கள். தனிக் காமிரா வைத்திருப்போர் ஒளித்திருத்தத்தைக் கூட்டல் ஒன்று வரை உயர்த்தலாம்.

இங்கே ஒரு வரலாற்றுச் செய்தியும் நினைக்கத்தக்கது. வண்ணப் பிலிம் காலத்தில், அச்சுக்கூடங்கள் நிறத்தைச் சரிபார்ப்பதற்கென்று கோடக் நிறுவனம் அனுப்பிய மாதிரி அட்டைகளில் வெள்ளைத் தோலுடைய பெண்ணின் படமே நெடுங்காலம் இடம்பெற்றிருந்தது. அவர் முகம் சரியாக வந்தால் நிறம் சரி என்பது முடிவு. ஏனைய மானிடரின் நிறம் அந்த அளவுகோலில் இடம் பெறவில்லை. அந்த அட்டைகள் போய்விட்டன. ஆனால் அவற்றின் மனப்பான்மை போகவில்லை. பல கைப்பேசிகளில் "அழகுபடுத்தும்" வசதி ஒன்று இருக்கிறது. அது தாத்தாவின் சுருக்கங்களைத் துடைத்து, மகளின் மாநிறத்தை வெளுக்கச் செய்கிறது. பெற்றோரே, அதை அணைத்துவிடுங்கள். "நீ உள்ளபடியே இருந்தால் போதாது" என்னும் செய்தியைப் பெண்பிள்ளைக்கு நாள்தோறும் சொல்லும் கருவியாக வீட்டுக் காமிரா ஆகிவிடலாகாது. வயலிலும் கடலிலும் அடுப்படியிலும் உழைத்துப் பெற்ற சுருக்கங்கள் அழிப்பதற்குரியவை அல்ல.

அசைவும் தொலைவும்

குழந்தை ஓடுகையில் எடுத்த படம் கலைந்து வருவதேன்? ஷட்டர் நீண்ட நேரம் திறந்திருப்பதே காரணம். அமைதியாக அமர்ந்திருப்பவருக்கு 125இல் ஒரு பங்கு நொடி போதும். ஓடியாடும் பிள்ளைக்கு 500இல் ஒரு பங்கு நொடியேனும் வேண்டும். தனிக் காமிராவில் மூன்று கருவிகள் ஒன்றுக்கொன்று துணையாக இயங்குகின்றன: ஒளி புகும் துளையின் அளவு, ஷட்டர் திறந்திருக்கும் நேரம், ஐ.எஸ்.ஓ. எனப்படும் உணர்திறன். துளையை விரித்தால் ஒளி மிகும். ஆயினும் முன்பின் இருப்பவை மங்கும். நேரத்தை நீட்டினால் ஒளி மிகும்; ஆயினும் அசைவு கலையும். ஐ.எஸ்.ஓ.வை உயர்த்தினால் வெளிச்சம் கூடும். ஆயினும் மணல் தூவியதுபோன்ற பொரி தோன்றும். இம்மூன்றில் எதை விட்டுக்கொடுக்கலாம் என்று தீர்மானிப்பதே திறமை. மங்கலான கோவிலில் திருமுழுக்குப் படம் எடுப்பவருக்கு ஓர் அறிவுரை: பொரியைப் பொறுத்துக்கொள்ளுங்கள். சற்றுப் பொரி விழுந்த படத்தைப் பேரப்பிள்ளைகள் மகிழ்ந்து பார்ப்பார்கள். அசைந்து கலைந்த முகத்தை யாராலும் திருத்த இயலாது.

கைப்பேசியை முகத்துக்கு மிக அருகே கொண்டுசெல்லலாகாது. ஓரடித் தொலைவில் எடுத்தால் மூக்குப் பெருத்து, காதுகள் சுருங்கித் தோன்றும். ஐந்தாறு அடி பின்வாங்கி நின்று, இரு மடங்கு காட்டும் லென்ஸ் இருப்பின் அதனைப் பயன்படுத்துங்கள். குழந்தையை எடுப்பவர் குனிந்து, அதன் கண்ணுயரத்துக்கு வர வேண்டும். மேலிருந்து எடுத்தால் உச்சந்தலையும் பெரிய நெற்றியுமே மிஞ்சும்.

ஞாயிறு மாலை அரை மணி

எடுப்பது பாதி வேலைதான், பேணுவதே மறுபாதி. இதற்கு வாரத்தில் ஒரு நாள், சான்றாக ஞாயிறு மாலை அரை மணி ஒதுக்கினால் போதும். செய்ய வேண்டிய வரிசை இது.

முதலாவது, கழித்தல். ஒரே காட்சியை இருபது தடவை எடுத்திருந்தால் சிறந்த இரண்டை வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்குங்கள். கண் மூடியவை, கலைந்தவை, இரட்டிப்பானவை யாவும் போகட்டும். நெல்லைத் தூற்றாமல் குதிரில் கொட்டுவோர் உண்டோ?

இரண்டாவது, பெயரிடுதல். கணிப்பொறியில் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எண்ணிட்டு, நிகழ்ச்சியின் பெயரைச் சேருங்கள். 2024-05-12 என்று தொடங்கினால் உறைகள் தாமே கால வரிசையில் நிற்கும். மிக முக்கியமாக, படத்தில் இருப்போர் யார் யார் என்று இடமிருந்து வலமாக எழுதி வையுங்கள். பழைய ஆல்பத்தில் "இவர் யார்?" என்று கேட்டால் விடை சொல்ல இன்று எத்தனை வீடுகளில் ஆள் இருக்கிறார்? பெரியவர்கள் இருக்கும்போதே பிள்ளைகளை அருகே அமர்த்திக் கேட்டு எழுதுங்கள். அந்த மாலைப்பொழுது பாட்டிக்கும் இன்பம், பேரனுக்கும் பாடம்.

மூன்றாவது, திருத்துதல். சாய்ந்ததை நிமிர்த்தலாம், வேண்டாத ஓரத்தை வெட்டலாம், சற்று வெளிச்சம் கூட்டலாம். ஆனால் மூலப்படத்தைத் தனியே வைத்துக்கொண்டு, அதன் நகலிலேயே திருத்துங்கள். ஜேபெக் என்னும் வழக்கமான வடிவம், திருத்திச் சேமிக்குந்தோறும் சிறிது தரம் இழக்கும் தன்மையது. காமிராவில் ரா என்னும் வடிவத்தில் எடுத்தால், ஒவ்வொரு நிறத்திலும் 256க்குப் பதிலாக 4,096 அல்லது 16,384 படிகள் கிடைக்கும். இருண்ட படத்தையும் ஓரளவு மீட்கலாம். இடம் மிகுதியாகப் பிடிக்குமாகையால், திருமணம் போன்ற அரிய நிகழ்ச்சிகளுக்கு மட்டும் அதைக் கையாளலாம்.

நான்காவது, நகலெடுத்தல். பீட்டர் குரோக் என்னும் அமெரிக்க நிழற்படக் கலைஞர் பரப்பிய எளிய விதியொன்று உண்டு: மூன்று, இரண்டு, ஒன்று. மூன்று நகல்கள், அவை இருவேறு வகைச் சாதனங்களில், அவற்றுள் ஒன்று வேறோர் இடத்தில். கைப்பேசியில் ஒன்று, வீட்டு ஹார்டு டிஸ்கில் ஒன்று, வெளியூரிலுள்ள மகளின் வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ ஒன்று. இணையத்தை மட்டும் நம்புவோர் கவனிக்க: கூகிள் நிறுவனம் எல்லையற்ற இலவசச் சேமிப்பை 2021 ஜூன் முதல் நாளோடு நிறுத்திவிட்டது. இரண்டு ஆண்டுகள் தொட்டுப் பாராத கணக்குகளை 2023 டிசம்பர் முதல் நீக்கவும் தொடங்கியது.

வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தை நகலாகக் கருதற்க. சாதாரணமாக அனுப்புகையில் அது படத்தைச் சுருக்கிவிடுகிறது. எடுத்த நாள், நேரம் முதலிய குறிப்புகளும் உதிர்ந்துபோகின்றன. முழுத்தரத்தில் அனுப்ப வேண்டின், "டாகுமெண்ட்" என்ற வழியைத் தேர்ந்தெடுங்கள்.

ஐந்தாவது, திறவுகோல். குடும்பத்தலைவர் திடீரென மறைந்தால், அவருடைய கைப்பேசி பூட்டியபடியே கிடக்கிறது. கடவுச்சொல் அவரோடு போய்விடுகிறது. பதினைந்து ஆண்டுப் படங்கள் உள்ளே இருந்தும் மனைவி மக்களுக்கு இல்லை! கணக்கு நெடுநாள் செயலற்றிருந்தால் யாரிடம் ஒப்படைக்க வேண்டும் எனக் குறித்துவைக்கும் வசதியைக் கூகிள் 2013 முதலும், மறைவுக்குப்பின் திறக்க உரிமையுள்ளவரைப் பெயரிடும் வசதியை ஆப்பிள் 2021 முதலும் அளிக்கின்றன. கணவனும் மனைவியும் ஒருவர்மேல் ஒருவர் நம்பிக்கை கொண்டு, இதனை இன்றே செய்து வைப்பது அறிவுடைமை.

காகிதத்தின் வலிமை

இத்தனைக்கும் மேலாக, ஆண்டுக்கு இருபது படங்களையேனும் காகிதத்தில் அச்சிடுங்கள். 2011 மார்ச் 11 அன்று ஜப்பானைத் தாக்கிய ஆழிப்பேரலைக்குப் பின், சேற்றில் புதைந்து கிடந்த குடும்பப் படங்களைத் தொண்டர்கள் பொறுக்கியெடுத்து, நீரில் மெல்லக் கழுவி, உலர்த்தி, உரியவரிடம் சேர்த்தார்கள். ரிக்கோ என்னும் நிறுவனத்தின் திட்டத்தில் மட்டும் நாலு லட்சத்துக்கு மேற்பட்ட படங்கள் இவ்வாறு திரட்டப்பட்டன. வீடிழந்தோர் பலர் அங்கே வந்து தேடியது, உயிரிழந்த தம் பிள்ளையின் முகத்தைத்தான். உப்புநீரில் மூழ்கிய கைப்பேசியை அப்படிக் கழுவி உலர்த்திப் படம் காண இயலுமா? 2004 டிசம்பர் 26ஐக் கண்ட நம் கடலோரக் குடும்பங்களுக்கு இதன் பொருளை விளக்க வேண்டுவதில்லை.

ஆறங்குலத்துக்கு நான்கங்குலப் படத்துக்கு 1,800க்கு 1,200 பிக்சல் போதும். எளிய கைப்பேசியும் இதற்குத் தகும். பிசின் தடவிய பக்கமும் பிளாஸ்டிக் தாளும் கொண்ட ஆல்பங்களைத் தவிர்க்கவும். நாளடைவில் பிசின் படத்தை மஞ்சளாக்கி ஒட்டிக்கொள்ளும். மூலைகளில் செருகும் ஆல்பமே சிறந்தது. பின்புறம் எழுத மெல்லிய பென்சிலே ஏற்றது. பழைய படங்களைக் கணிப்பொறியில் ஏற்றுவோர், அங்குலத்துக்கு 600 புள்ளி என ஸ்கேன் செய்யட்டும். அது வாய்க்காதவர், படத்தை நிழலில் கிடத்தி, ஃபிளாஷ் இன்றி, கைப்பேசியை அதற்கு இணையாகப் பிடித்து எடுத்துக்கொள்ளலாம்.

எடுக்காமல் விடுவதும் ஒரு திறன்

இறுதியாக ஒரு சொல். அமெரிக்காவில், இயேசு சபையார் நிறுவிய ஃபேர்ஃபீல்டு பல்கலைக்கழகத்தில் லிண்டா ஹெங்கல் என்னும் உளவியல் பேராசிரியை கலைக்கூடமொன்றில் நடத்திய சோதனையை 2013 இறுதியில் வெளியிட்டார். பொருள்களை வெறுமனே உற்று நோக்கியவர்களைவிட, அவற்றைப் படமெடுத்துக்கொண்டே சென்றவர்கள் மறுநாள் குறைவாகவே நினைவுகூர்ந்தார்கள். காமிரா நினைவு வைத்துக்கொள்ளும் என்று மனம் ஓய்ந்துவிட்டது போலும். எனினும், ஒரு பகுதியை மட்டும் நெருங்கிப் பார்த்து எடுத்தவர்களுக்கு அவ்விழப்பு நேரவில்லை. கவனித்து எடுப்பவன் மறப்பதில்லை என்பதே இதன் படிப்பினை.

ஆகவே, பிள்ளையின் புதுநன்மை வேளையில் குடும்பத்தில் ஒருவர் மட்டும், அல்லது நியமிக்கப்பட்டவர் மட்டும், படம் எடுக்கட்டும். மற்றையோர் கைப்பேசியைப் பையில் வைத்துவிட்டுக் கண்ணால் காணுங்கள். பிள்ளை திரும்பிப் பார்க்கையில் அதற்குத் தெரிய வேண்டியது தாயின் முகம். முகத்தை மறைத்த கருவி அன்று.

இந்த மாதத்துக்கு ஒரு சிறு பணி தருகிறேன். வீட்டில் வயதில் மூத்தவரைக் காலை எட்டு மணியளவில் திண்ணையிலோ சன்னலோரத்திலோ அமர்த்துங்கள். அவருக்குப் பிடித்த சேலையோ வேட்டியோ உடுத்தட்டும். "சிரியுங்கள்" என்று வற்புறுத்தாமல், அவர் பிறந்த ஊரைப் பற்றிக் கேளுங்கள். அவர் பேசத் தொடங்கியபின், பொறுமையாக ஐந்தாறு படங்கள் எடுங்கள். அவற்றுள் ஒன்றை அச்சிட்டு, பெயரும் நாளும் எழுதி, அவர் கையிலேயே கொடுங்கள். அவர் அதைப் பார்த்து மகிழ்வதற்காகவே அது எடுக்கப்பட்டது என்பதை அவர் அறியட்டும்.